கர்னலின் தப்படி

ஏப்ரல் 22, திங்கள்

நூற்றுக்கு நூறு. திருப்போரூர் தாண்டி இருக்கும் சோதனைத் திடலில் நான் புதைத்து வைத்த நூறு டம்மி கண்ணிவெடிகளையும் எங்கள் கருவி கண்டுபிடித்துவிட்டது. கூடவே ஆணி, சோடா மூடி, பழைய பிளேடு என்று குப்பையும் புதைத்திருந்தேன். அவற்றில் ஒன்றுக்குக்கூட அது வாய் திறக்கவில்லை. ஆபீசில் கேக் வெட்டினார்கள். நிகிலேஷ் என்னைக் கட்டிப்பிடித்து, "கர்னல் சார், ஹிஸ்டரி!" என்றான். முப்பத்துநாலு வயதில் கம்பெனி முதலாளி. அவனுக்கு எல்லாமே ஹிஸ்டரிதான்.

எனக்குக் கேக் இறங்கவில்லை. சர்க்கரை ஒரு காரணம். இன்னொரு காரணம், ராணுவப் பொறியாளர் படையில் இருபத்தாறு வருஷம் இருந்தவன் நான். பாலம் கட்டியிருக்கிறேன், கண்ணி புதைத்திருக்கிறேன், புதைத்ததை எடுத்துமிருக்கிறேன். நூற்றுக்கு நூறு எடுத்த கருவியை நான் பார்த்ததில்லை. ஜனவரியில் எழுபத்தொன்று, மார்ச்சில் எண்பத்தெட்டு, இப்போது நூறு. புதைத்த இடத்தை யாரோ சொல்லிக் கொடுக்கிறார்கள்.

ஜூன் 3-ஆம் தேதி எல்லையில் ராணுவச் சோதனை. அங்கே இருப்பது நிஜக் கண்ணி. கருவி "சுத்தம்" என்று சொல்லும் இடத்தில் சிப்பாய்கள் கால் வைத்து நடப்பார்கள். அதற்கு முன் "இது தகுதியான கருவி" என்று கையெழுத்துப் போட வேண்டியவன் நான்.

இளவேனிலிடமிருந்து மெயில் வந்திருந்தது. கருவிக்குள் ஓடும் மென்பொருளை எழுதுகிறவள், தர்மபுரிக்காரி. பதினோரு பக்கம், படம் படமாக. படிக்கவில்லை.

ஏப்ரல் 23, செவ்வாய்

வரைபடம் என் மேஜை டிராயரில். சாவி என் பையில். அப்படியானால் எப்படி?

ஏப்ரல் 26, வெள்ளி

திடலின் காவல்காரர் டில்லிபாபுவைத் தனியாக அழைத்து விசாரித்தேன். குழி வெட்டுவது அவர்தான்.

"எங்க புதைச்சோம்னு யாராச்சும் உன்கிட்ட கேட்டாங்களா?"

"இல்ல சார். எனக்கே ஞாபகம் இருக்காது. நீங்க முன்னால நடக்கறீங்க, நான் பின்னாலயே வெட்டினு வரேன். ஆனா ஒண்ணு சார், தப்பா நெனக்காதீங்க. நீங்க நடக்கறத பாத்தாலே அடுத்த குழி எங்கன்னு என் கைக்குத் தெரிஞ்சிடும்."

கைக்குத் தெரியுமாம்! இதைவிட வெளிப்படையாக ஒருவன் மாட்டிக்கொள்ள முடியுமா? சத்தம் போடவில்லை. கேட் டூட்டிக்கு மாற்றிவிட்டேன். இனிமேல் நானே வெட்டுகிறேன்.

ஏப்ரல் 30, செவ்வாய்

நேற்று முழுக்க வெயிலில் நானே தனியாகப் புதைத்தேன். ட்ரில் பிசகவில்லை. வரிசைக்குள் மூன்று தப்படிக்கு ஒன்று, வரிசைக்கு வரிசை ஆறு தப்படி, ஒவ்வொரு ஐந்தாவதும் அரைத் தப்படி வலப்பக்கம். என் தப்படி எழுபத்தைந்து சென்டிமீட்டர். அகாடமியில் பிடித்த அளவு, மூட்டு வலி வந்த பிறகும் மாறவில்லை. வரைபடத்தை டிராயரில் வைத்துப் பூட்டி, இடுக்கில் ஒரு தலைமுடியை எச்சில் தொட்டு ஒட்டினேன். யாராவது திறந்தால் முடி விழுந்திருக்கும்.

இன்று காலை முடி அப்படியே இருந்தது. கருவி நூற்றுக்கு நூறு.

வீட்டில் வத்சலாவிடம் சொன்னேன். "தலையில இருக்கறதே நாலு முடி, அதுல ஒண்ண டிராயர்ல ஒட்டிட்டு வந்தீங்களா?" என்று சிரித்தாள். பிறகு இடுப்புக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். "யூனிஃபார்ம கழட்டி எட்டு வருஷம் ஆச்சுங்க. இன்னும் யாரப் பாத்தாலும் எதிரி மாதிரியே பாக்கறீங்க."

அவளுக்கு என்ன தெரியும்.

மே 3, வெள்ளி

இளவேனில் என் அறைக்கு வந்தாள். கையில் லேப்டாப். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சார், நான் அனுப்பின மெயில் பாத்தீங்களா?"

"நேரமில்ல."

"ஒரே ஒரு தடவை வேற யாராவது புதைக்கட்டும் சார். நீங்க வேணாம். யாருன்னாலும் பரவாயில்ல."

"ஏன்?"

"ஒரு சந்தேகம் சார். சரியான்னு பாக்கணும்."

"கண்ணி புதைக்கறது கோலம் போடற வேலை இல்லம்மா. ட்ரில்னா ட்ரில்தான்."

போய்விட்டாள். வேறு யாராவது புதைக்க வேண்டுமாம். அப்போதுதானே புதைத்தவரிடம் இடத்தைக் கேட்டு வாங்க முடியும்! என் தப்படியை அளந்து ஏழாம் பக்கத்தில் சிவப்பு வட்டம் போடத் தெரிகிறவளுக்கு, ஒழுங்காக வேலை பார்க்க நேரமில்லை போலிருக்கிறது. போட்டிக் கம்பெனி எதிலாவது பேசிக்கொண்டிருக்கிறாளோ? கைப்பேசியை எப்போதும் கவிழ்த்தே வைக்கிறாள். கவனிக்க வேண்டும்.

மே 7, செவ்வாய்

நிகிலேஷ் மதியம் என்னை வெளியே சாப்பிட அழைத்துப்போனான். எல்லைச் சோதனை முடிந்த மறுவாரம் என்னைக் கம்பெனியின் தலைமை நிர்வாகி ஆக்கப்போகிறார்களாம். அவன் சேர்மன் ஆகிவிடுவான். "கண்ணியை நிஜமா கையால எடுத்த மனுஷன் கம்பெனிய நடத்தறார்னா, அதுக்கு மேல என்ன சார் வேணும்?" என்றான்.

ஆற்காட்டுப் பக்கம் நெசவாளர் தெருவில் பிறந்த பொன்னுரங்கம் லெப்டினன்ட் கர்னல் ஆனதே அதிகம் என்று நினைத்தவன் நான். ஓய்வு பெற்று இங்கே ஆலோசகராகச் சேர்ந்தபோது ஒரு நாற்காலியும் ஃபேனும்தான் கொடுத்தார்கள். திடலை உருவாக்கியது நான். சோதனை முறையை எழுதியது நான். இன்று ராணுவ அதிகாரிகள் வந்தால், "கர்னல் புதைத்த வயலில் தேறியதா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. வத்சலாவிடம் இன்னும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்ட பிறகு சொல்லலாம்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. இவ்வளவு அவசரமாக இவன் ஏன் இன்றைக்குச் சொல்ல வேண்டும்?

மே 12, ஞாயிறு

தண்ணி லாரி வரவில்லை. குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கு மூன்று முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. வேண்டுமென்றேதான். மாலையில் சட்டைகளை அயர்ன் செய்தேன். என் சட்டையை இன்னும் நானே தேய்த்துக்கொள்வது வழக்கம்.

மே 13, திங்கள்

பிடித்துவிட்டேன்!

காலைச் சோதனையில் கருவி மூன்று கண்ணிகளைத் தவறவிட்டது. வெறும் மண்ணில் மூன்று இடத்தில் அலறியது. அந்த மூன்று இடமும் என் வரைபடப்படி கண்ணி இருக்க வேண்டிய இடம். தோண்டினால் ஒன்றுமில்லை. பக்கத்தில் குத்திப் பார்த்தால், ஒவ்வொன்றும் ஒரு கை தூரம் தள்ளிக் கிடக்கிறது. யாரோ நகர்த்தியிருக்கிறார்கள். ஆபீசில் யாருக்கும் சொல்லாமல் ஏப்ரல் கடைசியில் வேப்பமரத்தில் ஒரு கேமரா கட்டியிருந்தேன். நாளை பார்க்கிறேன்.

மே 14, செவ்வாய்

ஞாயிறு காலை ஏழே கால். இளவேனில் கையில் கடப்பாரை. கேட்டைத் திறந்துவிட்டவர் டில்லிபாபு.

நிகிலேஷை வைத்துக்கொண்டு அவளை விசாரித்தேன். பயப்படுவாள் என்று நினைத்தேன். இல்லை.

"ஆமா சார், நான்தான் மாத்தினேன். மூணே மூணுதான்."

"யார் சொல்லி?"

"யாரும் சொல்லல. உங்ககிட்ட கேட்டேன், நீங்க விடல. அதான் நானே மாத்திப் பாத்தேன். சார், கருவிக்கு அது எங்க நிக்குதுன்னு தெரியும். எட்டு மாசமா நாம அதுக்குக் கத்துக்குடுத்தது எல்லாமே நீங்க புதைச்ச வயல்தான். சிக்னல் குழப்பமா வந்தா அது என்ன பண்ணுது தெரியுமா? முன்னால கிடைச்சதுலேர்ந்து மூணு தப்படி தூரம்தானான்னு பாக்குது. ஆமான்னா கத்துது. இல்லன்னா சும்மா இருக்குது." என் பக்கம் திரும்பினாள். "அது கண்ணிவெடிய கத்துக்கல சார். உங்களத்தான் கத்துக்கிச்சு."

நிகிலேஷ் என் முகத்தைப் பார்த்தான். நான் எழுந்து நின்றேன். நகர்த்தியதை ஒப்புக்கொண்டாயா இல்லையா, அதற்கு மட்டும் பதில் சொல் என்றேன். ஒப்புக்கொண்டேன் என்றாள். தற்காலிகப் பணிநீக்க உத்தரவில் நான் கையெழுத்திட்டேன். அடையாள அட்டையை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

நிகிலேஷ் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. மென்பொருளை எழுதிய பெண் வெளியே போகிறாள், இவன் தலையாட்டுகிறான். இவனையும் கவனிக்க வேண்டும்.

மே 15, புதன்

எழுத ஒன்றுமில்லை. காலை நடை. எண்ணக் கூடாது என்று நினைக்க நினைக்கக் காலடியை எண்ணிக்கொண்டே நடந்தேன்.

மே 16, வியாழன்

அவள் சொன்னது பொய் என்று நிரூபித்துவிடலாம் என்றுதான் போனேன். வேறு எதற்கும் இல்லை.

இருபது டம்மிகளை எடுத்துக்கொண்டேன். ட்ரில் இல்லாமல் மனம் போன போக்கில் திடலில் புதைத்தேன். குறுக்கே நடந்தேன், திரும்பினேன், வளைந்தேன். கருவியை நானே இயக்கினேன். இருபதுக்கு இருபது! டில்லிபாபு கேட்டிலிருந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்திவிட்டேன். பாவம், அந்தப் பெண்ணின் ஆராய்ச்சி அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

பிறகு என்னவோ தோன்றி டேப் எடுத்து அளந்தேன். முதல் இரண்டுக்கும் நடுவே இரண்டேகால் மீட்டர். அடுத்தது இரண்டேகால். அதற்கடுத்தது நாலரை. திரும்பவும் இரண்டேகால். மூன்று தப்படி, மூன்று தப்படி, ஆறு தப்படி. மனம் போன போக்கில் போனதாக நினைத்தேன். கால் அதன் போக்கில் போயிருக்கிறது.

டில்லிபாபுவின் மனைவி சாந்தம்மாள் அவருக்குச் சோறு கொண்டுவந்திருந்தார். அவரைக் கூப்பிட்டு, இந்த இருபதையும் உங்கள் இஷ்டத்துக்குப் புதையுங்கள் என்றேன்.

"எப்படி சார், நாத்து நடற மாதிரியா?"

"இல்லம்மா, எப்படி வேணும்னாலும்."

"நிழல் இருக்கற பக்கமா வச்சிக்கட்டுமா? வெயிலு தாங்கல."

நிழலில் எட்டு. வரப்போரம் நெருக்கி நெருக்கி ஐந்து. மீதியை எங்கெங்கோ. நான் திரும்பி நின்றுகொண்டேன். பிறகு கருவியோடு போனேன். இருபதில் ஒன்பதைக் கண்டுபிடித்தது. வெறும் மண்ணில் நாலு இடத்தில் அலறியது. வரப்போரத்து ஐந்தில் ஒன்றுக்குக்கூட வாய் திறக்கவில்லை. நான் அவற்றின் மேல்தான் நின்றுகொண்டிருந்தேன்.

சாந்தம்மாள், "பாஸா சார்?" என்று கேட்டார்.

மே 17, வெள்ளி

ஆபீஸ் போகவில்லை. வத்சலாவிடம் தலைவலி என்றேன். நம்பவில்லை, ஆனால் ரசம் வைத்துக் கொடுத்தாள்.

எழுதாமல் விட்ட ஒன்றை எழுதுகிறேன். பத்தொன்பது வருஷத்துக்கு முன், எல்லையில் ஒரு ஓடைக்கரை. நாங்களே புதைத்த கண்ணிகளை நாங்களே எடுத்துக்கொண்டிருந்தோம். வரைபடத்தில் இருந்தபடி எண்ணிக்கை சரியாக இருந்தது, இரண்டைத் தவிர. அவை முந்திய மழையில் போயிருக்கும் என்று முடிவு செய்து "சுத்தம்" என்று கையெழுத்திட்டேன். போனது உண்மைதான், வெள்ளம் அறுபது அடி கீழே கொண்டுபோய் வைத்திருந்தது. ஹவில்தார் சின்னராசு தண்ணீர் பிடிக்கப் போனபோது அவருக்குப் பின்னால் நடந்த பையனின் பாதம் போயிற்று. விசாரணையில் என்மேல் தவறில்லை என்றார்கள். வரைபடப்படி நான் செய்தது சரி.

அதற்குப் பிறகுதான் நான் ட்ரில்லை இப்படிப் பிடித்துக்கொண்டேன். கண்ணி நகரும் என்று கண்ணால் பார்த்தவன், நகராத வயலை வைத்து ஒரு கருவியை வளர்த்திருக்கிறேன். சின்னராசு இப்போது சுபேதார். ஜூன் 3-ஆம் தேதி கருவிக்குப் பின்னால் நடக்கப்போகும் அணி அவருடையது.

மே 18, சனி

நிகிலேஷிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆச்சரியப்படுவான் என்று எதிர்பார்த்தேன். தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தான்.

"எதிரியும் ட்ரில் படிதானே சார் புதைப்பான்? அவனும் ஆர்மிதானே?"

"மழை எந்த ட்ரில்லும் படிக்கலப்பா."

"சரி, கையெழுத்துப் போடாதீங்க. நானும் யாரோட கால வச்சும் விளையாட மாட்டேன். சோதனைய மூணு மாசம் தள்ளி வைக்கச் சொல்லலாம். அதுக்குள்ள சரி பண்ணிடலாம்."

நிம்மதியாக இருந்தது, ஒரு நிமிஷம்.

"காரணம் என்னன்னு எழுதறது?"

"காரணம்தான் கையில இருக்கே சார். ஒரு ஊழியர் சோதனைத் திடல்ல நாசவேலை பண்ணிட்டாங்க. கேமரா ஆதாரம் இருக்கு. அவங்களே ஒத்துக்கிட்டாங்க. ஆர்டர்ல உங்க கையெழுத்து இருக்கு. கம்பெனி பேரும் கெடாது, உங்க பேரும் கெடாது."

"ராணுவக் கருவியில நாசவேலைன்னா போலீஸ் வரும். அந்தப் பொண்ணு?"

"வக்கீல் வச்சு மெதுவா முடிச்சுக்கலாம் சார்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "அந்த ஏப்ரல் மெயில் நம்ம ரெண்டு பேருக்கு மட்டும்தான் வந்துது. நானும் படிக்கல. நீங்களும் படிக்கல. அப்படித்தானே?"

ஆமாம் என்றேன்.

ஒரு மாதமாக நான் யார் யாரையெல்லாம் சந்தேகப்பட்டேன் என்று எண்ணிப் பார்த்தேன். கேட் காவல்காரர், என் டிராயர், சங்கச் செயலாளர்கூட. கேக் வெட்டியவனைக் கடைசியாகத்தான் சந்தேகப்பட்டேன். கேக் தின்னாதவனைச் சந்தேகப்படவே இல்லை.

மே 20, திங்கள்

நாசவேலைக் கடிதம் தயாராகி என் மேஜைக்கு வந்தது. நல்ல ஆங்கிலம். "திட்டமிட்ட செயல்" என்று இரண்டு இடத்தில் இருக்கிறது. பேனாவைத் திறந்தேன். அதைப் போட்டால் ஒரு சிப்பாய்க்கும் ஆபத்தில்லை. மூன்று மாதம் தள்ளி நான் தலைமை நிர்வாகி. அந்தப் பெண் கெட்டிக்காரி, எப்படியாவது வெளியே வந்துவிடுவாள். இதையெல்லாம் எனக்கு நானே மதியம் வரை சொல்லிப் பார்த்தேன். கையெழுத்துப் போடவுமில்லை, கிழிக்கவுமில்லை.

வத்சலாவிடம் கடைசியில் சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். பதவியையும் சேர்த்து. அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "அந்தப் பொண்ணு தப்பு கண்டுபிடிச்சுதா, இல்ல தப்பு பண்ணிச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

"கண்டுபிடிச்சா."

"உங்களுக்கு அது எப்ப தெரியும்?"

வியாழக்கிழமை என்றேன். அவள் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன்.

இங்கேயாவது சரியாக எழுதுகிறேன். ஏப்ரல் 22-ஆம் தேதி அந்த மெயிலை முழுதாகப் படித்தேன். இரண்டு முறை படித்தேன். புரிந்தது. புரிந்ததால்தான் மறுநாளிலிருந்து திருடனைத் தேட ஆரம்பித்தேன்.

மே 21, செவ்வாய்

ராணுவச் சோதனை அதிகாரிக்கு நானே எழுதிய கடிதத்தைக் காலை பத்து மணிக்கு அனுப்பினேன். கருவி தகுதியற்றது. காரணம், சோதனை முறையின் குறை. சோதனை முறையை வகுத்தவன் நான். குறையைக் கண்டுபிடித்தவர் இளவேனில். அவர் அதை எழுத்தில் தெரிவித்த தேதி ஏப்ரல் 22. அன்றே அதை நான் படித்தேன். கண்ணிகளை அவர் நகர்த்தியது நாசவேலை அல்ல, நான் செய்ய மறுத்த சோதனை. பணிநீக்க உத்தரவைத் திரும்பப் பெறுகிறேன். சாந்தம்மாள் புதைத்த இருபதின் அளவுகளையும் இணைத்தேன்.

பதினொன்றரைக்கு நிகிலேஷ் கதவைத் தட்டாமல் வந்தான். அவன் பேசியதை எழுதத் தேவையில்லை. பிற்பகல் ராஜினாமா கேட்டு மெயில் வந்தது, கொடுத்துவிட்டேன்.

மாலை சின்னராசு போன் செய்தார். "சாப், சோதனை ரத்துன்னு சொல்லிட்டாங்க. நாங்க பழைய குச்சியிலயே குத்திக் குத்திப் போயிக்கறோம். லேட்டாகும், அவ்வளவுதான். நீங்க கவலப்படாதீங்க." நன்றி சொல்ல வேண்டியவன் நான், அவர் எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.

மே 22, புதன்

இளவேனிலுக்கு நானே போன் செய்தேன். நான்காவது மணியில் எடுத்தாள். பின்னால் குக்கர் விசில். ஊருக்குப் போயிருக்கிறாள் போல. உத்தரவு ரத்தாகிவிட்டதைச் சொன்னேன். கடிதத்தின் நகலை அனுப்பியிருப்பதாகச் சொன்னேன்.

"படிச்சேன் சார். ஏப்ரல் இருபத்திரெண்டுன்னு போட்டிருக்கீங்க. நிஜமாவே அன்னைக்கே படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

குக்கர் விசில் நின்றுபோனது. கட்டாகிவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். இல்லை.

"அப்ப எதுக்கு சார் மரத்துல கேமரா கட்டினீங்க?"

முறை, ஒழுங்கு, பாதுகாப்பு என்று சொல்ல எத்தனையோ வார்த்தைகள் வாய் வரை வந்தன. இருபத்தாறு வருஷம் அங்கேயும் எட்டு வருஷம் இங்கேயும் பேசிப் பழகிய வார்த்தைகள். அவள் போனை வைக்காமல் காத்திருந்தாள்.

"பயந்துட்டேம்மா," என்றேன்.